நாற்பத்தொரு முறை வெளியே போனவர்

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில், கொச்சி மட்டாஞ்சேரியில் நடந்தது இது. எங்கள் ஊரில் தண்ணீர்க் கஷ்டம் அதிகமாக இருக்கும் மாதம் அதுதான். சுற்றிலும் காயல் இருக்கும். ஆனால் கிணற்றில் உப்பு ஏறியிருக்கும், குழாயைத் திறந்தால் காற்று வரும். எனக்கு அப்போது எழுபத்தொரு வயது முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டவர். நான் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். முப்பத்துநான்கு வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் பிரிவில் வேலை செய்தேன். யார் தாமதமாக வந்தார், யார் சொல்லாமல் லீவு போட்டார், யாருக்கு மெமோ என்பதைக் கவனிப்பதுதான் வேலை. அதில் ஊறியவனுக்கு எண்ணும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஓய்வு பெற்ற பிறகும் அது என்னை விடவில்லை. மாடிப்படிகளை எண்ணுவேன், பஸ்ஸில் நிற்பவர்களை எண்ணுவேன். "இட்லியையாவது எண்ணாம சாப்பிடுங்க" என்று என் மனைவி சொல்வதுண்டு.

வீட்டில் சும்மா இருக்க முடியாமல், கடைவீதிப் பக்கம் இருக்கும் ஒரு மசாலாச் சரக்குக் கிடங்கில் சேர்ந்தேன். மிளகு, ஜாதிக்காய், முக்கியமாகச் சுக்கு. கீழே நீண்ட கூடத்தில் பதினான்கு பெண்கள் முறம் வைத்துக்கொண்டு உட்கார்ந்து சுக்கைத் தரம் பிரிப்பார்கள். சுமை தூக்குபவர்கள் ஆறு பேர், வாட்ச்மேன் ஒருவர். மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். பத்தொன்பது படி ஏறினால் என் மேஜை. அதற்கு இரண்டு பக்கமும் ஜன்னல். ஒன்று பக்கவாட்டுச் சந்தைப் பார்க்கும். மற்றது கண்ணாடி வைத்த உள்ஜன்னல், அதில் கீழே கூடம் தெரியும்.

முதலாளி என் மகன் வயதுக்காரர். வெளிநாட்டில் சரக்கு வாங்குபவர்கள் இப்போதெல்லாம் சுக்கை மட்டும் பார்ப்பதில்லை. உங்கள் ஊழியர்களுக்கு எழுதப்பட்ட நடத்தை விதிகள் உண்டா, மீறினால் விசாரணை உண்டா என்றும் கேட்கிறார்கள். ஏப்ரல் கடைசியில் அவர்களுடைய ஆட்கள் பார்வையிட வருவதாக இருந்தது. அதற்கு ஆறு மாதம் முன்பே முதலாளி என்னைக் கூப்பிட்டு, "சாரே, இது உங்க ஏரியா. நல்லா ஒண்ணு எழுதித் தாங்க" என்றார்.

எனக்குச் சந்தோஷம். பழைய அலுவலகத்தில் படித்துப் படித்து மனப்பாடமாகியிருந்த விதிகள் பாதி, இந்தக் கிடங்குக்கென்று யோசித்தவை பாதி. மொத்தம் முப்பத்தெட்டு விதிகள். தமிழிலும் மலையாளத்திலும் டைப் செய்து, லாமினேட் செய்து, கூடத்துச் சுவரில் மாட்டினேன். ஒரே வாரத்தில் அதன்மேல் சுக்குத் தூசி படிந்துவிட்டது. தினமும் காலையில் நானே துணியால் துடைப்பேன்.

அவற்றில் மூன்று விதிகளை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். ஏழாவது விதி: வேலை நேரத்தில் காரணம் எழுதிய கேட் பாஸ் இல்லாமல் யாரும் வெளியே போகக் கூடாது. இருபத்திரண்டாவது விதி: குறை இருந்தால் அவரவர் தனித்தனியே எழுதித் தர வேண்டும், பலர் சேர்ந்து கையெழுத்திட்ட கூட்டு மனு ஏற்கப்படாது. இது அப்படியே என் பழைய அலுவலகத்திலிருந்து வந்தது. முப்பத்தோராவது விதி: ஒரே தவறுக்கு மூன்று மெமோ வாங்கியவர்மீது விசாரணை நடக்கும்; தவறு நிரூபணமானால் வேலை போகும்.

பங்குனி பிறந்த முதல் வாரத்தில் ஒருநாள் சந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுக்குக் கூடத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெறுங்கையோடு வெளியே போனார். நாற்பத்தைந்து வயதிருக்கும். தேனிப் பக்கத்திலிருந்து வந்தவர். பதினொரு வருடமாக இங்கே வேலை பார்க்கிறார், இதுவரை ஒரு புகாரும் இல்லை. கேட் பாஸ் வாங்கியிருக்கிறாரா என்று வாட்ச்மேனின் நோட்டைப் பார்த்தேன். இல்லை. கொஞ்ச நேரம் கழித்து உள்ஜன்னல் வழியாகப் பார்த்தால், தன் இடத்தில் உட்கார்ந்து முறத்தை ஆட்டிக்கொண்டிருக்கிறார். எட்டு நிமிடம் ஆகியிருந்தது.

டைரியில் ஒரு கோடு போட்டேன்.

அன்று பிற்பகல் மூன்று மணிவாக்கில் மறுபடி போனார். இரண்டாவது கோடு. அடுத்த நாள் பதினொரு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. ஒன்பது கோடு ஆனதும் முதல் மெமோவைக் கொடுத்தேன். அந்த அம்மா மாடிக்கு வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மூன்று நாளில் விளக்கம் எழுதித் தர வேண்டும் என்றேன்.

"இனிமே பாத்துக்கிர்றேங்கய்யா" என்றார். விளக்கம் எதுவும் வரவில்லை. மறுநாள் பதினொரு மணிக்குப் பக்கவாட்டுக் கதவு திறந்தது.

எனக்குக் கோபம் வந்தது. என் விதியை மீறியது ஒரு பக்கம். மெமோ வாங்கிய மறுநாளே மீறியது இன்னொரு பக்கம். இருபது கோட்டில் இரண்டாவது மெமோ. முப்பத்துமூன்றில் மூன்றாவது. ஒவ்வொரு முறையும் அதே பதில், அதே தலைகுனிவு, மறுநாள் அதே கதவு. பதினொரு மணி நெருங்கும்போதே நான் எழுந்துபோய் ஜன்னலருகே நிற்க ஆரம்பித்துவிட்டேன். அவர் வெளியே போவதைச் சந்து ஜன்னலில் பார்ப்பேன், திரும்பி உட்கார்ந்திருப்பதை உள்ஜன்னலில் பார்ப்பேன், கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்வேன். நடுவில் அவர் என்ன செய்தார் என்பது மட்டும் என் இரண்டு ஜன்னல்களிலும் தெரியாது.

இருபத்துமூன்று வேலை நாளில் நாற்பத்தொரு முறை. சராசரி எட்டு நிமிடம். மொத்தம் ஐந்து மணி இருபத்தெட்டு நிமிடம். குற்றப்பத்திரிகையில் இப்படித்தான் எழுதினேன்.

முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் நாலு பக்கத்தையும் புரட்டிவிட்டு, "பாவம், பழைய ஆளு" என்றார். பிறகு, "சாரே, நடபடி எடுத்தா முழுசா எடுக்கணும். பாதியில விட்டா வர்றவங்க அதையும் கேப்பாங்க. நீங்களே விசாரிங்க, நீங்க என்ன எழுதுறீங்களோ அதுக்கு நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

அதாவது அந்த அம்மாவின் வேலை என் பேனாவில் இருந்தது. எங்கள் கடைவீதியில் கிடங்குக்காரர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஒழுங்கீனத்துக்காக ஓரிடத்திலிருந்து அனுப்பப்பட்டவரை அடுத்த இடத்தில் உள்ளே விடமாட்டார்கள். ஒரு போன் போதும். அந்த அம்மாவுக்குக் கணவர் இல்லை. பிளஸ் டூ படிக்கும் மகள் இருக்கிறாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், விதி விதிதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

விசாரணை ஒரு வியாழக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்கு, மாடியில். குற்றம் சாட்டப்பட்டவர் தனக்குத் துணையாகச் சக ஊழியர் ஒருவரை அழைத்து வரலாம் என்று இருபத்தொன்பதாவது விதியில் நானே எழுதியிருந்தேன். அந்த அம்மா அழைத்து வந்தது வைப்பின் தீவிலிருந்து தினமும் ஜங்கார் படகில் வரும் ஒரு சேச்சியை. என்னைப் போலவே இங்கே வேர்விட்ட தமிழ்க் குடும்பம். பேச்சில் தமிழும் மலையாளமும் ஒன்றாகக் கலந்திருக்கும். கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டால் பெரும்பாலும் அவர் ஏதோ சொல்லியிருப்பார். சாட்சியாக வாட்ச்மேன் வந்து சுவரோரம் நின்றார்.

நான் குற்றப்பத்திரிகையை வாசித்தேன். தேதிவாரியாக நாற்பத்தொரு வரி. வாசித்து முடிக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று.

"இதை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"போனது நெசந்தாங்கய்யா" என்றார் அந்த அம்மா.

"காரணம்?"

அவர் வைப்பின் சேச்சியைப் பார்த்தார், பிறகு வாட்ச்மேனைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். நான் 'காரணம் கூறவில்லை' என்று எழுதினேன்.

வைப்பின் சேச்சி தொண்டையைக் கனைத்தார். "சாரே, எனக்கு ஒரு சம்சயம். நான் கேக்கலாமா?"

"கேட்கலாம். விதியில் இடம் உண்டு."

"இந்த நாப்பத்தொண்ணையும் ஆரு எண்ணினது?"

"நான்தான்."

"புகார் எழுதினது?"

"நான்தான்."

"இப்ப விசாரிக்கிறதும் சாருதான்." விரலை மடக்கி மூன்று என்று காட்டினார். "நல்லது. எங்க நின்னு எண்ணினீங்க?"

"இதோ, இந்த ஜன்னல் பக்கத்தில்."

"அப்ப நாப்பத்தொண்ணு தடவ சாரும் சீட்டை விட்டு எழுந்திருக்கீங்க. அதுக்கு பாஸ் உண்டோ?"

வாட்ச்மேன் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. விஷயத்துக்கு வரும்படி சொன்னேன்.

அப்போது அந்த அம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஆக நாலு நிமிடம் இருந்தது. கையைப் பிசைந்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, மிகவும் மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, ஒரு எட்டு நிமிசம் போயிட்டு வந்துரவா?"

நான் என் முப்பத்துநான்கு வருட அனுபவத்தில் எத்தனையோ விசாரணை பார்த்திருக்கிறேன். வேலை நேரத்தில் வெளியே போனதற்காக நடக்கும் விசாரணையின் நடுவில் வெளியே போக அனுமதி கேட்டவரைப் பார்த்ததில்லை. பேனாவை மூடி வைத்தேன். வேலை போனாலும் பரவாயில்லை என்று இவர் நினைக்கும்படி அந்த எட்டு நிமிடத்தில் என்னதான் இருக்கிறது என்று அப்போதுதான் முதல்முறையாகத் தோன்றியது.

"காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"எழுதுறதுக்குள்ள வெள்ளம் நின்னுரும்" என்றார் வைப்பின் சேச்சி. அவர் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர். "சாரே, நீங்களும் கூட வாங்க. வாச்சு எடுத்துக்கோங்க. எண்ணிக்கிட்டே வரலாம்."

போனேன். பத்தொன்பது படி இறங்கி, கூடத்தைத் தாண்டி, பக்கவாட்டுக் கதவு வழியாகச் சந்துக்கு. சந்து இடப்பக்கம் திரும்பும் இடம் வரைதான் என் ஜன்னலிலிருந்து தெரியும். அதைத் தாண்டி ஒரு சாயாக்கடை. கடையை ஒட்டி ஒரு பொதுக் குழாய். கதவிலிருந்து குழாய் வரை அறுபத்திரண்டு அடி வைத்தேன். குழாயில் சுண்டுவிரல் கனத்துக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பேர் குடத்தோடு நின்றார்கள். சாயாக்கடைக்காரர் நாலு மஞ்சள் பிளாஸ்டிக் குடங்களை முன்னாலேயே நிரப்பி ஓரமாக வைத்திருந்தார்.

என்னைப் பார்த்ததும், "இன்னிக்கு ஆபீஸரும் வெள்ளம் எடுக்க வந்தாச்சோ?" என்றார்.

அந்த அம்மா இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடமாக எடுத்துக்கொண்டு நடந்தார். நான் பின்னால் போனேன். வந்த வழியில் அல்ல. கிடங்கின் பின்புறம் சுற்றி, நான் ஒரு தடவைகூடப் போகாத ஒரு குறுகிய கதவு வழியாக. அதுதான் பெண்களின் கழிப்பறைக்குப் போகும் வழி.

இரண்டு அறைகள். வெளியே ஒரு நீல டிரம், அதில் ஒரு மக். சுவரில் ஒரு மோட்டார், மேலே ஒட்டடை. குழாயைத் திருகிப் பார்த்தேன். கொஞ்சம் துரு விழுந்தது. அந்த அம்மா இரண்டு குடத்தையும் டிரம்மில் சாய்த்துவிட்டு, மீதி இரண்டு குடத்துக்குப் போனார்.

நான் பின்னாலேயே போய், ஒரு குடத்தை நான் எடுக்கிறேன் என்றேன். "வேணாங்கய்யா, உங்க முட்டிக்கு ஆகாது" என்றார். கேட்காமல் தூக்கினேன். இருபது அடி வைத்ததும் இறக்கி வைக்க வேண்டியதாயிற்று. அவர் தன் குடத்தோடு காத்து நின்றார், அவசரப்படுத்தவில்லை. கடைசியில் என் குடத்தை வைப்பின் சேச்சி வாங்கிக்கொண்டார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நிமிடம். நான் கூடப் போனதால் ஒரு நிமிடம் அதிகம்.

டிரம்முக்குப் பக்கத்தில் நின்றபடியே வைப்பின் சேச்சி சொன்னார். மோட்டார் பழுதாகி மூன்று மாதத்துக்கு மேல் ஆகிறது. பொதுக் குழாயில் பகலில் இரண்டு தடவைதான் தண்ணீர் வரும், பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும். கதவுக்குப் பக்கத்தில் உட்காருபவர் என்பதாலும் உடம்பில் தெம்பு உள்ளவர் என்பதாலும் இந்த அம்மா போகிறார். அவர் திரும்பி வருவதற்குள் மற்றவர்கள் அவருடைய சுக்கையும் பிரித்து வைத்துவிடுவார்கள். வேலை ஒரு முறம்கூடக் குறைந்ததில்லை.

"இவ போகலேன்னா, கக்கூசுக்குப் போக முடியாதேன்னு பதினாலு பேரும் காலையில இருந்து வெள்ளம் குடிக்காம இருக்கணும் சாரே. முன்னால அப்படித்தான் இருந்தோம். ஒருத்தி நீர்க்கடுப்பு வந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தா. நாலு நாள் வரலேன்னு அவளுக்கும் ஒரு மெமோ தந்தீங்க."

தந்திருந்தேன். அந்த மெமோவின் எண்கூட எனக்கு நினைவிருந்தது.

"கேட் பாஸ் வாங்கியிருக்கலாமே" என்றேன்.

"வாட்ச்மேன் சேட்டன் நோட்டுல கக்கூசுக்குத் தண்ணி எடுக்கப் போறேன்னு எழுதணுமா? லோடுகாரங்க எல்லாம் அதுலதான் கையெழுத்துப் போடுறாங்க. இவ எப்படி எழுதுவா?"

"மோட்டார் பழுதை ஆபீஸில் சொல்லியிருக்கலாமே."

இதற்குத்தான் அந்த அம்மா வாய் திறந்தார். "எழுதிக் குடுத்தோமேய்யா. நீங்கதான் நம்பர் போட்டுத் திருப்பித் தந்தீங்க."

குற்றம் சாட்டும் குரலில் அவர் சொல்லவில்லை. நேற்று மழை பெய்தது என்பது போலச் சொன்னார்.

பத்தொன்பது படியையும் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. எண்ணவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. தபால் பதிவேட்டைத் திறந்தேன். மூன்று மாதம் முன்பு, வரிசை எண் பதினேழு. என் கையெழுத்து. 'பெண் ஊழியர்கள் - மோட்டார் - கூட்டு மனு - விதி 22இன்படி ஏற்க இயலாது - திருப்பப்பட்டது.' பக்கத்தில் அந்த மனுவின் நகல், நானே எடுத்துக் கோத்து வைத்தது. யாரோ ஒருவரின் பிள்ளை, பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாளில், குண்டு குண்டான மலையாள எழுத்தில் எழுதியது. கீழே பதினான்கு கையெழுத்து.

அன்று அது என் மேஜைக்கு வந்தபோது என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். முதல் வரியைப் பார்த்தேன், மோட்டார் என்று இருந்தது. உடனே தாளின் அடிப்பக்கம் போய்க் கையெழுத்துகளை எண்ணினேன். ஒன்றுக்கு மேல் இருந்ததால் விதி எண்ணைப் போட்டேன். நடுவில் இருந்த ஒன்பது வரியை நான் படிக்கவே இல்லை. 'எங்களால் வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க முடியவில்லை' என்பது ஐந்தாவது வரி. அந்த வரியை மூன்று மாதம் கழித்து, அவர்களில் ஒருவரின் வேலையைப் பறிக்க உட்கார்ந்த நாளில் படித்தேன்.

என் மேஜைக்குப் பின்னால் ஆபீஸ் கழிப்பறை இருக்கிறது. அதற்குத் தனி டேங்க், தனி மோட்டார். அந்தக் குழாய் ஒருநாளும் நின்றதில்லை.

விசாரணையை அத்தோடு நிறுத்திவிட்டு அவர்களை அனுப்பினேன். அறிக்கையை எப்படி எழுதுவது என்பதுதான் பெரிய சங்கடமாக இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் நான்கு முறை எழுதிக் கிழித்தேன். அவர் போகவில்லை என்று எழுத முடியாது; போனார். விதி இல்லை என்று எழுத முடியாது, சுவரில் மாட்டியிருக்கிறது. காபி கொண்டுவந்து வைத்த என் மனைவி, கிழிந்த தாள்களைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். "அத்தனை நாளு எண்ணினீங்களே, ஒரு நாளாவது கீழ இறங்கிப் போய் எங்கேம்மா போறீங்கன்னு கேட்டீங்களா?" என்றாள்.

ஐந்தாவது முறை எழுதியதைக் கிழிக்கவில்லை. வெளியே போனது உண்மை. போக வைத்தது நிர்வாகம். தண்ணீர் தருவது நிர்வாகத்தின் கடமை, அதை ஓர் ஊழியர் தன் இடுப்பில் சுமந்திருக்கிறார். ஆகவே இது ஒழுங்கீனம் ஆகாது என்று எழுதினேன். எண்ணியவனும் புகார் கொடுத்தவனும் விசாரித்தவனும் ஒரே ஆளாக இருந்ததால் விசாரணையே முறையானது அல்ல என்றும் சேர்த்தேன். அது வைப்பின் சேச்சி மூன்று விரலை மடக்கிக் காட்டிய விஷயம். சட்டம் படித்தவர்கள் சொல்லி நான் பலமுறை கேட்டதுதான், நானே அதைச் செய்தபோது தெரியவில்லை. மூன்று மெமோவையும், ஆஸ்பத்திரியில் கிடந்தவருக்குக் கொடுத்த மெமோவையும் ரத்து செய்யச் சொன்னேன். கடைசி வரியில், வந்த மனுவைப் படிக்காமல் திருப்பியதற்காக என் பெயரில் ஒரு மெமோ தரும்படி கேட்டிருந்தேன்.

முதலாளி படித்துவிட்டு, முதலில் போனை எடுத்து மோட்டார் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். பிறகு என்னிடம், "சாரே, எல்லாம் சம்மதம். கடைசி வரி மட்டும் வேண்டாம். உங்க வயசு ஆளுக்கு நான் மெமோ தந்தா என் வாப்பா கபர்ல இருந்து எழுந்து வருவாரு" என்றார்.

"சுவரில் இருக்கும் விதியில் வயது வரம்பு எதுவும் எழுதவில்லை" என்றேன்.

"அதையும் நீங்கதானே எழுதினீங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு, நானே டைப் செய்து வைத்திருந்த மெமோவில் கையெழுத்துப் போட்டார். மூன்று நாளுக்குள் விளக்கம் கொடுத்தேன். அரைப் பக்கம். அது இப்போதும் என் பெயரில் இருக்கும் கோப்பில் இருக்கிறது.

சனிக்கிழமை மோட்டார் ஓடியது. கூடத்துக்குப் போய் எல்லார் முன்னாலும் அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். பதினான்கு முறங்களும் நின்றுவிட்டன. அவருக்கு அது சங்கடமாக இருந்தது. முறத்தில் இருந்த சுக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பரவாயில்லை என்றோ, மன்னித்துவிட்டேன் என்றோ சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கும் உரிமையும் எனக்கு இல்லை. நான் திரும்பிப் படியேறப் போனபோது கூப்பிட்டார்.

"ஐயா, அந்தக் கணக்கு நாப்பத்தொண்ணு இல்ல."

நான் நின்றேன்.

"நடுவுல ஒருநாளு நீங்க கண்ணு டெஸ்ட்டுக்குப் போயிருந்தீங்கல்ல? அன்னைக்குப் பதினோரு மணிக்கு ரெண்டு, மூணு மணிக்கு ஒண்ணுன்னு மூணு தடவ போனேன். வெயிலு சாஸ்தி. மொத்தம் நாப்பத்திநாலு."

"பாருங்க, எண்ணுறதுக்கு சாரு மட்டும்தான்னு நெனச்சீங்களோ" என்றார் வைப்பின் சேச்சி. கூடம் முழுக்கச் சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். நான் மாடிக்குப் போய் டைரியில் நாற்பத்தொன்றை அடித்து நாற்பத்துநான்கு என்று திருத்தினேன்.

ஏப்ரல் கடைசியில் வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். சுவரில் இருந்த விதிப்பலகையில் ஓரிடத்தைக் காட்டி, இது ஏன் காலியாக இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். புதிதாக டைப் செய்து மாட்டியபோது இருபத்திரண்டாவது விதியை எடுத்துவிட்டிருந்தேன். பின்னால் வருபவற்றுக்கு எண் மாற்றவில்லை. இருபத்திரண்டு என்ற எண் மட்டும் இருக்கிறது, எதிரே ஒன்றும் இல்லை. அச்சில் விட்டுப்போயிற்று என்று முதலாளி சமாளித்தார்.

இது நடந்து பதினொரு மாதம் ஆகிறது. இப்போது தினமும் அந்தப் பலகையைத் துடைக்கும்போது அந்தக் காலி இடத்தைத்தான் முதலில் துடைக்கிறேன். எண்ணும் பழக்கம் போகவில்லை. எழுபத்திரண்டு வயதில் இனிப் போகாது. கீழே யாராவது நேரம் கெட்ட நேரத்தில் இடத்தை விட்டு எழுந்தால் மனம் தானாக ஒன்று என்று எண்ணத் தொடங்கிவிடுகிறது. உடனே பத்தொன்பது படியும் இறங்கிப் போய், "எங்கேம்மா, ஏதாவது வேணுமா?" என்று கேட்டுவிடுகிறேன், முட்டி வலித்தாலும் சரி. கேட்காமல் இரண்டு என்று எண்ண எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.